இந்தியாவைப் படிக்க இலண்டன் எதற்கு? சமூக நீதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் துறை அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சகச் செயலாளர் அவர்களுக்கும், தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் தேர்வுக் குழுவினருக்கும்,

பட்டியல் சாதி உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகங்களின் மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெற ஒன்றிய அரசு தரும் இந்த உதவித்தொகையின் வழிகாட்டு நெறிமுறைகளை 2022 பிப்ரவரியில் திருத்தினீர்கள். அதில் புதிதாக ஒரு விதி நுழைந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைக் களமாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகியவை சார்ந்த தலைப்புகளுக்கும் படிப்புகளுக்கும் இனி உதவித்தொகை இல்லை என்பது அதன் சாரம். எந்தத் தலைப்பு இந்தத் தடைக்குள் வரும் என்பதைத் தேர்வுக் குழுவே இறுதியாக முடிவு செய்யும் என்றும் சேர்த்திருந்தீர்கள். அந்த ஆண்டு விண்ணப்பிக்க மார்ச் 31 கடைசி நாள். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு முந்தைய ஆண்டே எழுதி, நெறியாளரைத் தேடிப் பிடித்து, சேர்க்கைக் கடிதம் வாங்கி வைத்திருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சில வாரங்களில் என்ன செய்ய முடியும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த விதியை நீக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

நான் இந்த உதவித்தொகையில் படித்தவள். மதுராந்தகத்துக்கு அருகில் ஒரு சேரியில் பிறந்தேன். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டினார்; அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். சென்னையில் முதுகலை முடித்தபின், நீங்கள் அந்த விதியைச் சேர்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இலண்டனில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். இன்று செங்கல்பட்டு மாவட்டக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். 1954-55இல் தொடங்கிய இத்திட்டம் இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது. அதே தலைப்போடு இன்று நான் விண்ணப்பித்தால் தலைப்பைப் படித்த கையோடு ஒதுக்கி வைத்துவிடுவீர்கள்.

என் தலைப்பு இதுதான்: 1890களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் தரிசு நிலம் கேட்டுப் பறையர்கள் கொடுத்த மனுக்கள்.

அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம், கடனுக்கு ஈடாக உழைப்பு, தரிசை உழக் கேட்டு மனுப்போட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை என்று சொல்லும் தர்காஸ்து விதிகள் என்று எல்லாவற்றையும் அதில் எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை 1010/10ஏ வந்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகு விற்றாலும் அவ்வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது தமிழ்நாட்டில் அனைவருக்கும் தெரியும். காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். இதை முடிந்துபோன பழங்கதை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பஞ்சமி நில வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் இன்றைக்கும் என்னிடம் ஆவணப் பிரதிகள் கேட்டு வருகிறார்கள்.

தடைக்கு உங்கள் அதிகாரிகள் அப்போது பத்திரிகைகளிடம் சொன்ன காரணம் நினைவிருக்கிறது. இந்தியாவைப் பற்றி ஆராய வேண்டிய வளமும் வல்லுநர்களும் இந்தியாவிலேயே நிறைய உண்டு. அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. அந்த இடங்கள் வேறு துறைகளுக்குப் பயன்படட்டும்.

இதில் பாதி உண்மை. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக்காப்பகம் இல்லாமல் என் ஆய்வேட்டின் முதல் அதிகாரத்தைக்கூட எழுதியிருக்க முடியாது. வருவாய்த் துறைக் கோப்புகளைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்த அங்குள்ள ஊழியர்களுக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் கோப்பு என்பது அரசு எழுதிக்கொண்டது. மனுக்களின் அடியில் பெருவிரல் ரேகை வைத்தவர்கள் அதில் எங்கே இருக்கிறார்கள்?

இலண்டனில் என் முதல் அதிகார வரைவைப் படித்த நெறியாளர், ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ‘இந்த மனுக்களை எழுதிக் கொடுத்தது யார்?’ எனக்கு அது தோன்றவே இல்லை. எழுத்தறியாத பண்ணையாள் ஆட்சியருக்கு ஆங்கிலத்தில் மனுப்போட்டிருக்கிறார் என்றால் நடுவில் ஒரு கை இருந்தாக வேண்டும். அந்தக் கையைத் தேடித்தான் மிஷன் ஆவணங்களுக்குப் போனேன். செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் இருந்த வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஆகிய இருவரும் பறையர்களின் நில உரிமைக்காக அரசோடு மல்லுக்கு நின்றவர்கள். வெஸ்லியன் மிஷனின் ஆவணங்கள் இலண்டனில் ரஸ்ஸல் சதுக்கத்தை ஒட்டிய சோவாஸ் எனும் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியின் நூலகத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்து மிஷனின் தாள்கள் எடின்பரோவில் அந்நாட்டுத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்கள் மட்டும் 14 கிலோமீட்டர் நீள அலமாரிகளை நிறைக்கின்றன. என் ஊருக்குப் பக்கத்து ஊர்களின் பெயர்களை, எழுத்துப்பிழையோடு, முதன்முதலில் ஒரு கடிதத்தில் பார்த்தது எடின்பரோவில்தான். அந்தத் தாளை நம்மிடமிருந்து கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை. நாம்தான் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. தரங்கம்பாடியின் தொடக்கக்கால மிஷன் கடிதங்களைப் படிக்க ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போவதும் இதே காரணத்தால்தான். நம் வரலாற்றின் ஒரு பகுதி வெளியே கிடக்கும்போது, அதைப் படிக்க வெளியே போகாதே என்று சொல்வதற்கு என்ன பொருள்?

காப்பகத்தை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். இதே தலைப்போடு முதலில் நான் அணுகியது சென்னையில் ஒரு பேராசிரியரை. ‘சொந்த ஊர்க் கதையை ஆய்வு என்று கொண்டுவராதே அம்மா, பொதுவாக ஏதாவது எடு’ என்றார். தஞ்சைக் கோயில் நிருவாகத்தைப் பற்றித் தஞ்சைக்காரர் ஒருவர் அவரிடமே ஆய்வு செய்துகொண்டிருந்தார். அது பொதுவாக இருந்தது போலும்! அந்தப் பேராசிரியர் தீயவர் அல்லர். சேரிக்காரி சேரியை ஆராய்ந்தால் அது தன்புலம்பல், மற்றவர் ஆராய்ந்தால் அறிவு என்ற எண்ணம் நம் துறைகளில் காற்றைப் போலப் பரவியிருக்கிறது. யாரும் அதைத் தனியாக உணர்வதில்லை.

இலண்டன் கருத்தரங்க அறையில் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் இந்தியர்கள் இருந்தார்கள், ஊர் எது, முழுப் பெயர் என்ன என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். ஆனால் மதிப்பெண் போட்டவர்கள் அவர்கள் அல்லர். நான் வாசித்த கட்டுரைக்கு எதிராக வந்த கேள்விகள் கட்டுரைக்கு எதிராகவே வந்தன. என்னோடு படித்த பிரேசில்காரர் ஒருவர், அவர்கள் நாட்டில் அடிமைமுறையை ஒழித்தது 1888இல் என்றார். அதற்கு வெகு முன்பே 1850இல் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்து, பொது நிலத்தை விலை கொடுத்துத்தான் பெற முடியும் என்று ஆக்கிவிட்டார்கள் என்றார். விடுதலை பெறுகிறவன் காணி இல்லாதவனாகவே வெளியே வர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. நான் உடனே, இங்கே அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிய நம் 1843ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தர்காஸ்து விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செங்கல்பட்டு ஒரு மாவட்டத்தின் கதையாக இருந்தது அன்றோடு மாறிவிட்டது. என் ஆய்வேட்டின் கடைசி இரண்டு அதிகாரங்கள் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்தவை. இதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாமும், இன்று என் மாணவர்களுக்கு நான் கற்பிக்கும் முறையும்கூட, அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அயல்நாட்டுப் படிப்பு ஓர் ஆய்வாளருக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் பட்டத்தைவிட இதைத்தான் சொல்வேன். தன் ஊரை இன்னொரு ஊரின் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழக்குகிறது.

இதை எனக்கு முன்பே அறிந்த ஒருவரின் படம் உங்கள் அலுவலகச் சுவரில் இருக்கும். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகை கொடுத்து அம்பேத்கரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அவர் 1915இல் முதுகலைக்கு எழுதியது பண்டைய இந்திய வணிகம் பற்றி. 1916 மே 9ஆம் நாள் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் வாசித்தது இந்தியாவில் சாதிகளின் தோற்றமும் இயக்கமும் பற்றி. கொலம்பியாவின் முனைவர் பட்டம் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றி. உதவித்தொகை தீர்ந்து 1917இல் ஊர் திரும்பி, பின்னர் கோல்ஹாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும் நண்பரிடம் வாங்கிய கடனோடும் மீண்டும் இலண்டன் போய் 1923இல் பெற்ற பட்டம் ரூபாயின் சிக்கல் பற்றி. அந்த ஆய்வேட்டின் தொனி தேர்வாளர்களுக்கு உவப்பாக இல்லை. திருத்தி மறுபடி கொடுத்துப் பெற்றார். இரண்டாண்டுகளில் இந்திய நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் வல்லுநராகச் சாட்சியம் அளித்தார்.

மேலே சொன்ன தலைப்புகளை உங்கள் விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பண்டைய வணிகமும் சாதியும் சந்தேகமே இல்லாமல் வெளியே. நிதியும் ரூபாயும் உங்கள் குழுவின் மனநிலையைப் பொறுத்தது. இலண்டனில் அவர் 1921-22இல் தங்கிய கிங் ஹென்றிஸ் சாலை வீட்டை மகாராட்டிர அரசு வாங்கியது; 2015 நவம்பரில் பிரதமர் அதை நினைவிடமாகத் திறந்து வைத்தார். அந்த வீட்டில் உட்கார்ந்து அவர் எழுதியதைப் போன்ற ஒன்றை இன்று எழுத நினைக்கும் பட்டியல் சாதி மாணவருக்கு உங்கள் கதவு மூடியிருக்கிறது. நினைவிடத்துக்குப் போய் வர வேண்டுமானால் அவர் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்பில் ஒன்று எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கழித்த ஆண்டுகள், தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவையே மனத்திலிருந்து துடைத்துவிட்டன. பரோடாவில் வந்து இறங்கியபோது தங்க இடம் கிடைக்காமல்தான் அது திரும்ப நினைவுக்கு வந்தது என்கிறார். ஆய்வாளருக்கு அந்த இடைவெளி எவ்வளவு தேவை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சாதியை ஆராயப் போகிறவருக்கு அது இன்னும் தேவை. நீங்கள் மறுப்பதோ அவர்களுக்குத்தான்.

அடுத்து, வேலைவாய்ப்பு. இதைப் பற்றி அதிகம் பேர் பேசாதது எனக்கு வியப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உலகத் தரவரிசைகளில் முதல் 500 இடங்களுக்குள் வரும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு எழுதாமலே உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறுகிறார். உங்கள் உதவித்தொகையும் அதே போல் முதல் 500 பல்கலைக்கழகங்களைத்தான் கேட்கிறது. ஆக, வெளிநாட்டு ஆய்வுப் பட்டம் உயர்ந்தது, அதற்குத் தனிச் சலுகை உண்டு என்று ஒன்றிய அரசின் ஒரு கை எழுதுகிறது. இந்திய வரலாற்றிலும் சமூகவியலிலும் அந்தப் பட்டத்தைப் பெற இவர்களுக்குப் பணம் இல்லை என்று இன்னொரு கை எழுதுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? அப்பாவின் பணத்தில் ஆக்ஸ்போர்டில் இந்திய வரலாறு படித்தவர் நேராகத் தேர்வுக் குழு முன் வந்து உட்காருவார். அதே பாடத்தைப் படிக்க விரும்பிய கூலிக்காரர் மகள் உள்ளூரில் நெறியாளரின் தயவுக்குக் காத்திருப்பாள். இருபது ஆண்டுகள் கழித்து இந்திய வரலாற்றுத் துறைகளில் யார் இருப்பார்கள் என்பதை இப்போதே முடிவு செய்துவிட்டீர்கள்.

விதியின் மங்கலான எல்லை தனித் தொல்லை. ‘இந்தியாவைக் களமாகக் கொண்ட சமூக ஆய்வு’ என்றால் எது? கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறப்பவர்களைப் பற்றி 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் நடைமுறையை ஆராய்வது சட்டமா, சமூக ஆய்வா? தென்னிந்தியப் பெண்களின் இரத்தச்சோகையை ஆராய்வது மருத்துவமா? என்னிடம் படித்த ஒரு பெண், தூய்மைப் பணியாளர் உரிமைகளைப் பற்றித்தான் ஆராய விரும்பினாள். தானாகவே தலைப்பிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டு ‘வளரும் நாடுகளில் நகரக் கழிவு மேலாண்மை’ என்று வைத்துக்கொண்டாள். யாரும் அவளை அதட்டவில்லை, அவள் அப்போது விண்ணப்பம்கூடப் போட்டிருக்கவில்லை. விதியைப் படித்ததே போதுமானதாக இருந்தது. அவள் பெரியப்பா அந்த வேலையில் இறந்தவர். அதைப் பற்றி எழுதும் ஆசையைத் தலைப்பு எழுதும்போதே தணிக்கை செய்துகொண்டாள். உங்களிடம் வரும் விண்ணப்பங்களில் இப்படி எத்தனை தலைப்புகள் முகமூடி போட்டு வருகின்றன என்பது உங்கள் புள்ளிவிவரத்தில் ஒருபோதும் தெரியாது.

இடங்கள் குறைவு, அறிவியலும் பொறியியலும் படிக்கிறவர்களுக்கு அவை போகட்டும் என்று சொல்வீர்கள். மொத்தம் 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு, ஆறு சீர்மரபினருக்கும் நாடோடிகளுக்கும், நான்கு நிலமற்ற வேளாண் தொழிலாளர்களுக்கும் மரபுக் கைவினைஞர்களுக்கும். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது எத்தனை சிறியது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் சிறியதும் முழுமையாகக் கைக்கு வருவதில்லை. 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதல் கட்டமாக 40 பேருக்கு மட்டும் தற்காலிகக் கடிதம் கொடுத்தீர்கள். மற்றவர்களுக்கு நிதி கிடைத்தால் வரும் என்றீர்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் பிள்ளைக்கு, விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டிய பிள்ளைக்கு, ‘நிதி கிடைத்தால்’ என்பது என்ன பதில்? பற்றாக்குறையை நிதியைக் கூட்டித்தான் தீர்க்க வேண்டும். வேதியியல் படிக்கும் தலித் மாணவரையும் வரலாறு படிக்கும் தலித் மாணவரையும் ஒரே இடத்துக்குச் சண்டையிட வைப்பது சமூக நீதி அமைச்சகத்தின் வேலை ஆகாது.

நான் கேட்பவை இவை.

இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை விலக்கும் விதியை, அடுத்த ஆண்டுக்கான விண்ணப்ப அறிவிப்பு வெளியாவதற்கு முன் முழுமையாக நீக்குங்கள். சில தலைப்புகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறோம் என்ற சமரசம் வேண்டாம். அப்போதும் முடிவு குழுவின் விருப்பத்தில்தான் நிற்கும்.

இவ்விதி வந்தபின் தலைப்பின் காரணமாக எத்தனை விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன, அவை எந்தெந்தத் துறைகளைச் சேர்ந்தவை என்ற விவரத்தைப் பெயர்கள் இல்லாமல் வெளியிடுங்கள். அப்படித் தள்ளப்பட்டவர்கள் 35 வயது வரம்பைத் தாண்டியிருந்தால், இழந்த ஆண்டுகளைக் கழித்துக் கணக்கிட்டு மீண்டும் விண்ணப்பிக்க வாய்ப்புக் கொடுங்கள்.

தேர்வுக் குழுவில் வரலாறு, சமூகவியல் துறைகளைச் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்கள் இருக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும்.

தேர்வானவர் அனைவருக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுங்கள். அதற்கான நிதியைத் தேர்வுக்கு முன்பே ஒதுக்கி வையுங்கள். வாழ்க்கைச் செலவுத் தொகையை ஊருக்கு ஏற்ப நிர்ணயியுங்கள். நான் இருந்த காலத்தில் பிரிட்டன் முழுமைக்கும் ஆண்டுக்கு 9,900 பவுண்டு என்றிருந்தது, இலண்டன் வாடகையும் சிற்றூர் வாடகையும் ஒன்றல்ல.

இம்மடலுக்கு எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். விதியை நீக்க முடியாது என்பதே பதிலானால், ஏன் முடியாது என்பதையும், எந்த ஆய்வறிக்கையின் அடிப்படையில் அதைச் சேர்த்தீர்கள் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை ஒருவர்,
தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் படித்தவர்,
செங்கல்பட்டு மாவட்டம்